ஐந்தாம் நம்பர் பம்ப்பும் அறுபது மில்லியும்

1

எங்கள் முடிச்சூர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ராமானுஜம் சார் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பால்ராஜ், ஆண்டு மலர் போடறோம். ஃபாரின்ல இருக்கற நம்ம காலனிக்காரங்க எல்லாரும் எழுதறாங்க. அமெரிக்காலேர்ந்து ஒருத்தர் பனியைப் பத்தி ரொம்ப அழகா எழுதியிருக்கார். நீங்களும் உங்க ஃபாரின் லைஃப் பத்தி நாலு பக்கம் குடுங்க. நல்ல விஷயமா இருக்கட்டும்."

சார், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எந்த ஃபாரினிலும் இல்லை. இந்த வாரத்தோடு கப்பலில் ஏறி இருபத்தொரு வருடம். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் எண்ணெயும் ரசாயனமும் ஏற்றுகிற டேங்கர் கப்பலில்தான் குடித்தனம். இப்போது வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். பெயர் எழுதக் கூடாது என்பது கம்பெனி விதி. டெக்கில் நின்றால் ஊர் தெரிகிறது. ஒரு பெரிய மால், மசூதி, கரையோரச் சாலையில் போகிற கார்கள் எல்லாம் தெரிகின்றன. நான்கு மாதமாகப் பார்க்கிறேன். இறங்கி ஒரு டீ குடிக்க அனுமதிச் சீட்டு கிடையாது. விமான நிலையப் படிவத்தில் "வசிக்கும் நாடு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

முடிச்சூரில் வெள்ளம் வந்து தெருவில் படகு ஓடியபோது, மொத்தக் காலனியிலும் தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த ஒரே ஆள் ஊரில் இல்லை என்று நீங்கள்தான் சார் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். ஞாபகம் இருக்கிறது.

2

என் வேலை பம்ப்மேன். சரக்கை இறக்குகிற பம்ப்புகளைப் பார்த்துக்கொள்வது. இந்தக் கப்பலில் பதினான்கு தொட்டி, தொட்டிக்கு ஒரு பம்ப். ஒவ்வொன்றும் தொட்டியின் அடியில், சரக்குக்குள் முங்கிக் கிடக்கும். அதைச் சுழற்றுவது மேலிருந்து அழுத்தத்தோடு வருகிற எண்ணெய். அந்த எண்ணெயும் சரக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அதற்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறார்கள். கசிவைத் தடுக்கிற சீல் தேய்ந்து எந்தப் பக்கத்திலிருந்து எது கசிந்தாலும் அந்த வெற்றிடத்தில்தான் சேரும்.

சேர்ந்ததை வெளியே எடுக்க ஒரு மெல்லிய குழாயில் காற்றை ஊத வேண்டும். இன்னொரு குழாய் வழியாகக் காற்றும் கசிவும் டெக்குக்கு ஏறி வரும். குழாயின் முனையில் ஒரு சின்ன டப்பா. அதன் அடியைத் திறந்து, அளவு போட்ட பாட்டிலில் பிடிக்க வேண்டும். வந்தது எண்ணெயா சரக்கா, எத்தனை மில்லி என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பர்ஜிங் என்பார்கள். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால், இறக்குவதற்கு முன்னால், இறக்கிய பிறகு, சும்மா கிடக்கிற நாளில் தினம் ஒரு தடவை. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், உடம்பு முழுக்க மூடுகிற பாய்லர் சூட் போட்டுக்கொண்டு, பதினான்கு பம்ப்.

கொஞ்சம் கசிவது நல்லது. நாலு மில்லி, எட்டு மில்லி வந்தால் பம்ப் ஆரோக்கியமாக இருக்கிறது. ஒரேயடியாக ஐம்பது, நூறு வந்தால் சீல் போச்சு. ஒன்றுமே வரவில்லை, ஊதிய காற்றும் வெளியே வரவில்லை என்றால்தான் ஆபத்து. குழாய் எங்கேயோ அடைத்துக்கொண்டது, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சரி, இதில் எங்கே ஃபாரின் லைஃப் என்று கேட்பீர்கள். இதுதான் சார். இவ்வளவுதான் இருக்கிறது.

3

வீட்டில் எஸ்தர், என் மனைவி. ஒரே மகன் ஜோயல், பத்தொன்பது வயது, பொத்தேரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

போன லீவில் ஒரு கூத்து நடந்தது. கேஸ் இணைப்பு என் பெயரில் இருக்கிறது. கைரேகை வைத்தால்தான் ஆயிற்று என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்களாம். ஐயா வந்து வைப்பார் என்று எஸ்தர் ஏழு மாதம் தவணை சொல்லியிருக்கிறாள். போய் விரலை வைத்தேன். மெஷின் எடுக்கவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. "சார், உங்களுக்கு ரேகையே இல்ல சார்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். இருபது வருடம் தின்னர், டொலுவீன் என்று ரசாயனம் தொட்டுத் துடைத்த விரல், ரேகை எங்கிருந்து வரும்? கடைசியில் எஸ்தர் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தோம். வீட்டில் என் பெயரில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஜோயல் விஷயம் வேறு. அவன் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறான், அதுதான் பிரச்சினை. போன் பண்ணினால் "சொல்லுங்க" என்கிறான். பார்சல் கொண்டுவருகிறவர்களிடம் பேசுகிற அதே "சொல்லுங்க." படிப்பு எப்படி? "போகுது." சாப்பிட்டாயா? "ம்." அம்மா? "இருக்காங்க." அதற்கு மேல் எனக்குக் கேள்வி கிடையாது, அவனுக்குப் பதில் கிடையாது. அவன் எட்டாவது படிக்கும்போது நான் வாங்கி வந்த சைக்கிள் அவனுக்குச் சின்னதாக இருந்தது. நான் மனதில் வைத்திருந்த பையன் ஒன்பது மாதம் பழையவன்.

அவன் பிறந்த சிசேரியன் தையலில் எஸ்தருக்கு மூன்று வருடமாகக் குடலிறக்கம். குனிந்து எழுந்தால் வயிற்றில் ஒரு உருண்டை துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் தேதியை நான் வர முடியாமல் தள்ளினோம். இரண்டாவது தேதிக்கும் என்னால் வர முடியவில்லை, அதையும் தள்ளினோம். மூன்றாவது தேதி குறித்த அன்று எஸ்தர் சொன்னாள்: "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். வேற ஒண்ணும் வேணாம். வந்து ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உட்காருங்க, போதும்."

வருகிறேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னேன். நான் கப்பலை விட்டு இறங்குகிற சைன்-ஆஃப் வியாழக்கிழமை. ஆபரேஷன் அடுத்த செவ்வாய்.

4

எனக்கு மாற்றாக வர வேண்டியவன் செல்வம். பம்மலில் நான் வளர்ந்த தெருக்காரன். இரண்டு பேரும் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு வந்தோம். எஸ்தருக்குத் தூரத்துச் சொந்தம், அதனால் எனக்கு மச்சான்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். ஆண்டு மலரில் யாரும் தப்பைப் பற்றி எழுதுவதில்லை என்று தெரியும்.

எனக்கு முன்னால் இருந்த பம்ப்மேன் இறங்கும்போது ஒப்படைப்புக் குறிப்பில் எழுதியிருந்தார்: ஐந்தாம் நம்பர், பத்து மில்லி, எப்போதும். முதல் சில மாதம் நானும் பிடித்துப் பார்த்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அப்புறம் நங்கூரம் போட்டு இரண்டு மாதம் ஆயிற்று. வெயில் ஏறியது. நோட்டில் பூஜ்யம் எழுதினால் ஆபீஸிலிருந்து நாலு மெயில் வரும், ஏன் பூஜ்யம், எப்போதிருந்து பூஜ்யம் என்று. அதனால் எங்கள் பம்ப்மேன் ஜாதியில் ஒரு பழக்கம் உண்டு. வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நல்ல நம்பராகப் போட்டுவிடுவது. நான் காற்றைத் திறப்பேன், மூடுவேன், பாட்டிலைப் பிடிக்க மாட்டேன். பத்து என்று எழுதுவேன். இப்படி நாற்பது நாள்.

நான் இறங்க வேண்டிய வாரத்துத் திங்கட்கிழமை அடுத்த சரக்கு என்ன என்று சொன்னார்கள். விஷச் சரக்கு. மூச்சில் போனால் ஆளை முடித்துவிடுகிற ரகம். எனக்கே பயம் வந்து, ஐந்தாம் நம்பரில் காற்றைத் திறந்துவிட்டு வெளிக்குழாயின் முனையில் கையை வைத்தேன். காற்று வரவில்லை. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வரவில்லை. பாட்டிலைப் பிடித்தேன். ஒரு சொட்டு இல்லை. 

பத்து மணி டீக்கு உள்ளே வந்தபோது செல்வத்திடமிருந்து போன்.

"இன்னா மச்சான், பொட்டிலாம் கட்டிட்டேன். பம்ப்பெல்லாம் எப்டி கீது? எதுனா பேஜாருன்னா இப்பவே சொல்லிடு. அங்க வந்து மாட்டிக்கினு முழிக்க முடியாது என்னால."

"எல்லாம் நல்லா கீதுடா. நீ வா."

"அப்ப சரி. தங்கச்சி ஆப்பரேசனுக்கு நீ போயிடு, கப்பல நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கு ரொம்ப எளிது. வாயை மூடிக்கொண்டு இன்னும் மூன்று நாளைக்குப் பத்து என்று எழுதினால் நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருப்பேன். செல்வம் வந்து, அந்த விஷத்தை ஏற்றிக்கொண்டு, என் நோட்டை நம்பி ஐந்தாம் நம்பரில் காற்றை ஊதுவான். அடைப்பு எப்போது உடைந்து எது அவன் முகத்தில் அடிக்கும் என்று தெரியாது. சொன்னால் கப்பல் சரக்கு ஏற்ற முடியாது. தொட்டியைக் காலி செய்து, வாயு நீக்கி, பம்ப்பை மேலே தூக்க வேண்டும். பம்ப்மேனை யாரும் அப்போது இறக்கிவிட மாட்டார்கள். நாற்பது நாள் பொய் வேறு வெளியே வரும்.

அன்றைக்கு எனக்கு எஸ்தர் மேல் கூடக் கோபம் வந்தது, ஏன் அந்தத் தேதியைக் குறித்தாள் என்று. அவ்வளவு கேவலமாக யோசித்தேன்.

5

சாப்பாட்டுக்குப் பிறகு, சரக்குக்குப் பொறுப்பான சீஃப் ஆபீசரின் அறைக் கதவைத் தட்டினேன். பிலிப்பைன்ஸ்காரர், அதிகம் பேச மாட்டார்.

"ஐந்தாம் நம்பர் அடைத்துக்கொண்டிருக்கிறது," என்றேன்.

நோட்டைப் புரட்டினார். "நேற்று வரை பத்து வந்திருக்கிறதே?"

"நேற்று வரை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினேன்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். வியாழக்கிழமை எனக்கு வீட்டுக்குப் போகிற நாள் என்று அவருக்குத் தெரியும். "இதை வெள்ளிக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லியிருக்கலாமே," என்றார். கிண்டலா, கருணையா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. என் சைன்-ஆஃப் ரத்து. செல்வத்தின் டிக்கெட்டும் ரத்து. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

எஸ்தரிடம் சொன்னேன். கோபம் வந்தால்தான் அவள் என்னை "நீ" என்பாள்.

"ஏன், அந்த பம்ப்பை வேற யாரும் பார்க்க மாட்டாங்களா?"

"நான்தான் பொய் எழுதினேன் எஸ்தர்."

"எத்தனை நாளா?"

"நாப்பது நாளா. தெனமும் பத்துன்னு."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"இங்க போன்லயும் அப்படித்தான பேசுற. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன். தெனமும் அதே ரெண்டு வார்த்தை." பிறகு, "தேதியை இனிமே தள்ள முடியாது. ஜோயல் கூட்டிட்டுப் போவான். அவன்கிட்ட எதுவும் சொல்லிக்க வேணாம், வேலை முடியலன்னு சொல்லிடறேன். நீ உன் பம்ப்பைப் பாரு," என்று வைத்துவிட்டாள்.

6

கணவரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். நான் எழுதி, கேப்டனிடம் கொடுத்தேன். அவர் பாவம், கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கட்டும் என்று கப்பல் முத்திரையைப் பலமாகக் குத்திக் கொடுத்தார். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அதை வாங்கிப் பார்த்தவர்கள் ஜோயலிடம், "இது என்ன தம்பி, சரக்கு ரசீதா?" என்று கேட்டார்களாம். கடைசியில் அவன்தான் கையெழுத்துப் போட்டான். செவ்வாய்க்கிழமை அந்த பெஞ்சில் அவன்தான் உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் நான் காலியான தொட்டியின் அடியில், ஐந்தாம் நம்பர் பம்ப்பின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஆள் நுழையும் ஓட்டை, ஒரு தட்டு அளவுக்கு வெளிச்சம். மகனே, போன் பண்ணு, போன் பண்ணு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் போன் கொண்டுபோகவே கூடாது. ஏறி வந்து பார்த்தால் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. "முடிஞ்சுது. ஓகே."

கம்பெனி அனுப்பிய சர்வீஸ் இன்ஜினியர் குழாயை வெளியே எடுத்துக் காட்டினார். பழைய சரக்கு ஒன்று கசிந்து உள்ளேயே இறுகி, பிசின் கட்டியாக நின்றது. சீலும் போயிருந்தது. "அடுத்த சரக்கை ஏற்றியிருந்தால் இதைத் திறந்தவன் கதை முடிந்திருக்கும்," என்றார். செல்வத்துக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "நல்லா கீதுன்னு சொன்னியே மச்சான்," என்று மட்டும் எழுதியிருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

7

எஸ்தர் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் வயிற்றில் ஒரு குழாய். தையலுக்கு அடியில் ஊறுகிற நீர் வெளியே வருவதற்கு. குழாயின் முனையில் அழுத்திச் சுருக்கி வைத்தால் நீரை உறிஞ்சுகிற பிளாஸ்டிக் டப்பா. தினமும் காலையில் அதைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுத வேண்டும். முப்பதுக்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். இதை ஜோயல் எனக்கு விளக்கினான், ஒரு பம்ப்மேனுக்கு. என்னத்தைச் சொல்வது!

தினமும் போனில் கேட்டேன். முதல் நாள், "எண்பது." அடுத்த நாள், "எழுபத்தஞ்சு." அப்புறம், "அறுபது." எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் கூட. மறுநாளும், "அறுபது." அதற்கு மறுநாள் காலை பத்து மணி இருக்கும், வீடியோவில் வந்தான்.

"அறுபதுப்பா."

"மூணு நாளா அறுபதா?"

"ம்."

எந்தக் குழாயிலிருந்தும் மூன்று நாள் ஒரே அளவு வராது. எனக்குத் தெரியும். என்னை விட யாருக்குத் தெரியும்?

"டப்பாவைக் காட்டு."

"அப்பா, அம்மா இப்பதான் படுத்தாங்க."

"காட்டுடா!"

நான் போட்ட சத்தத்தில் மெஸ் ரூமில் இருந்த சமையல்காரர் திரும்பிப் பார்த்தார். போன் ஆடியது, கட்டில் தெரிந்தது, எஸ்தரின் நைட்டி தெரிந்தது. சுருங்கி இருக்க வேண்டிய டப்பா காற்று ஏறி உப்பிக் கிடந்தது. உள்ளே ஈரப் பசைதான், வேறு ஒன்றும் இல்லை.

"வலிக்குதா எஸ்தர்?"

"ஒண்ணும் இல்லங்க. கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான். ரெண்டு நாளா லேசா ஜுரம்."

"ரெண்டு நாளா! ஜோயல், குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கா பாரு. மேலேர்ந்து விரலால தடவிட்டு வா."

நைட்டியில் சேஃப்டி பின் போட்டுக் குத்தி வைத்திருந்த இடத்தில் குழாய் மடங்கி ஒட்டிப் போயிருந்தது. நிமிர்த்தினான். அப்படியும் வரவில்லை. "ஆட்டோ புடி. இப்பவே போ," என்றேன். அவர்கள் போய்ச் சேர்கிற வரை நான் மெஸ் ரூமிலேயே நின்றுகொண்டிருந்தேன். இங்கிருந்து என்னால் ஓட முடிந்த தூரம் கப்பலின் நீளம் அவ்வளவுதான்.

குழாயைக் கழுவிவிட்டதும் இருநூறு மில்லிக்கு மேல் வந்ததாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சீழ் பிடித்து, வைத்த வலையையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றாராம் டாக்டர். ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து ஜோயல் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"சாரிப்பா. அம்மா தூங்கினு இருந்தாங்க, எழுப்ப வேணாம்னு... நேத்து வந்ததுதானே இன்னைக்கும் வரும்னு போட்டுட்டேன்."

திட்ட வாயைத் திறந்தேன். என் நோட்டு ஞாபகம் வந்தது.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

எஸ்தர் சொல்ல வேண்டாம் என்றிருந்தாள். ஆனாலும் சொன்னேன். ஐந்தாம் நம்பர், பத்து மில்லி, நாற்பது நாள், சீஃப் ஆபீசரின் அறை, எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அதான் நீங்க வரலையா?"

"ஆமா."

வராண்டாவில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. அவன் மூக்கை உறிஞ்சினான். "நாளைலேர்ந்து போட்டோ எடுத்து அனுப்பறேன்," என்றான்.

8

அனுப்பினான். தினமும் காலையில் கோப்பையைச் சமமான இடத்தில் வைத்து, கோடு தெரிகிற மாதிரி ஒரு படம். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு. இருபத்தேழு. இருபத்திரண்டு. பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். எஸ்தர் எழுந்து நடக்கிறாள், என்னை மறுபடி "நீங்க" என்கிறாள்.

குழாய் போனதும் படமும் நின்றது. மறுபடி "சொல்லுங்க", "போகுது", "ம்" என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். என் சைன்-ஆஃப் தேதி இன்னும் வரவில்லை. பம்ப்பைத் திரும்ப மாட்டியாயிற்று, ஆனால் சோதித்து, இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி சொல்லும் வரை செல்வமும் வர முடியாது, நானும் போக முடியாது. கரையில் அதே மால், அதே கார்கள்.

இன்று காலை ஒரு செய்தி இருந்தது. ஜோயல்.

"அஞ்சாம் நம்பர் எவ்ளோப்பா? போட்டோ அனுப்புங்க."

டெக்கில் போன் எடுக்கத் தடை. அதனால் பாட்டிலில் பிடித்து, மூடி போட்டு, மெஸ் ரூம் வரைக்கும் தூக்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் எண்ணெய் பாட்டிலா என்று சமையல்காரர் கத்தினார். கத்தட்டும் என்று மேசையில் வைத்து, கோடு தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன்.

நாலு மில்லி.